மண்டையோட்டின் பக்கத்தில்

சிரிக்காதே ஜூலி, இவர்களைப் பார்த்துச் சிரிக்காதே என்று பெர்னதெத் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஆறு வயது ஜூலியாவோ, தன் தலையைச் சுற்றி நாடாவை இழுத்த டாக்டர் அனந்தலக்ஷ்மியை அண்ணாந்து பார்த்து எச்சில் வழியச் சிரித்தாள். அளவெடுப்பது அவளுக்கு விளையாட்டு. போன முறைக்கு இந்த முறை ஒரு நூல்கூட ஏறவில்லை என்பதை அம்மாதான் கவனித்தாள்.

"எங்க ஃபேமிலில எல்லாருக்கும் மண்டை பெருசு மேடம். எனக்கெல்லாம் ஹெல்மெட்டே சிக்காது" என்றான் அவள் கணவன் லாயிட். பயந்தால் அவனுக்கு வாய் நீளும்.

"உள்ள காத்துதான்" என்றாள் பெர்னதெத்.

டாக்டர் சிரித்தார். ஜூலியா பிறந்தபோதே தலை சிறிதாக இருந்தது. இந்த ஆறு வருடத்தில் அவர்கள் பார்க்காத டாக்டர் இல்லை, மெழுகுவர்த்தி ஏற்றாத கோவில் இல்லை. இந்த ஆராய்ச்சிக்கூடத்தில்தான் இருவரின் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்துக் காரணம் சொன்னார்கள். லாயிட் அவளுக்கு அத்தை மகன். நெருங்கிய உறவு என்பதால் பிஷப் ஹவுஸில் அனுமதி வாங்கி, ஆஸ்டின் டவுன் சொந்தங்கள் எல்லாம் கூடி நடத்திவைத்த கல்யாணம். தாத்தாவிடமிருந்து ஒரே பழுது இருவருக்குள்ளும் வந்து ஒளிந்திருந்திருக்கிறது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? தாத்தா கல்லறையில் நிம்மதியாகத் தூங்குகிறார்.

"மருந்து ஏதாச்சும்..." என்று இழுத்தான் லாயிட்.

"இதுக்கு மருந்து கெடையாதுங்க. பிசியோதெரபிய மட்டும் விட்டுடாதீங்க."

சொல்லிவிட்டு டாக்டர் எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு மண்டையோட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். "பயப்படாதீங்க, பிளாஸ்டர்தான். முப்பது லட்சம் வருஷத்துக்கு முன்னாடி ஆப்பிரிக்காவுல இருந்த நம்ம முன்னோர். நம்மள மாதிரி ரெண்டு கால்லதான் நடந்தாங்க. ஆனா மூளை இவ்ளோதான். அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா மூணு மடங்கு வளந்துச்சு. எப்படி வளந்துச்சுன்னுதான் தேடிட்டிருக்கோம். ஜூலியாவுக்கு வேலை செய்யாத ஜீனுக்கும் அதுல பங்கு இருக்கலாம்."

ஜூலியா எட்டி, மண்டையோட்டின் கண்குழிக்குள் விரலை விட்டாள். பெர்னதெத் அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம் ஒரு கூட்டத்துல இதைப் பத்திப் பேசறேன். ஸ்கூல் பசங்க, டீச்சருங்கல்லாம் வருவாங்க. இது பக்கத்துல ஜூலியாவ ஒக்கார வெச்சு ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? கண்ண மறைச்சிடுவோம்."

"அதுக்கென்ன மேடம், தாராளமா!" என்றான் லாயிட்.

பெர்னதெத் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். நல்ல மனுஷி. குழந்தையிடம் "சாப்டியா ஜூலி?" என்று கேட்ட ஒரே டாக்டர். வெறுக்கவும் வழியில்லை.

அந்த மண்டையோட்டுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள். இடுப்பில் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்திருப்பாள். அவள் பிள்ளையின் தலையும் மற்ற பிள்ளைகளின் தலையும் ஒரே அளவு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி திரும்பி "ஏனாயித்து மகூகெ?" என்று கன்னடத்தில், பிள்ளைக்கு என்ன ஆயிற்று என அவளிடம் கேட்டிருக்க மாட்டாள். செத்து எத்தனையோ லட்சம் வருடமான அந்தப் பெண்மேல் பெர்னதெத்துக்குப் பொறாமை வந்தது. அந்தப் பிள்ளை அந்தத் தலையை வைத்துக்கொண்டே தண்ணீர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்திருக்கும், சிங்கம் வந்தால் மரம் ஏறியிருக்கும். ஜூலிக்கு இன்னும் ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோகத் தெரியவில்லை. இதையெல்லாம் எப்படிச் சொல்வது? சொல்லத் தொடங்கினால் அழுகைதான் வரும்.

"பெர்னி, பாப்பாவ டேபிள்மேல ஒக்கார வை" என்றான் லாயிட்.

அவள் அசையவில்லை. "டாக்டர், ரெண்டும் ஒண்ணா?"

"சேச்சே! அளவுதான் கிட்டத்தட்ட ஒண்ணு. மத்தபடி ஜூலியா நம்மள மாதிரி மனுஷிதான். பேசும்போது அதையும் சொல்லிடுவேன்."

"போட்டோவப் பாத்தப்புறம் அதை யாரு மேடம் கேப்பாங்க?"

டாக்டர் கையில் எடுத்த போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். லாயிட்தான் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏய், மேடம் நமக்கு எவ்ளோ செஞ்சிருக்காங்க. ஒரு போட்டோதானே?" என்றான்.

இதுவரை கேட்டதையெல்லாம் கொடுத்திருக்கிறாள். தன் ரத்தம், பிள்ளையின் ரத்தம், பாட்டன் பூட்டன் கதை எல்லாம். எதைக் கொடுத்தும் ஒன்றும் மாறவில்லை. இதைக் கொடுக்காவிட்டாலும் ஒன்றும் மாறப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"செஞ்சதெல்லாம் நான் மறக்கல லாயிட்" என்றாள். பிறகு டாக்டரிடம், குரல் உயராமல், "போட்டோ வேணாம் மேடம்" என்றாள்.

குனிந்து ஜூலியாவின் கழன்ற செருப்பை மாட்டிவிடத் தொடங்கினாள்.