மனிதத் தலையீடு: இல்லை

...முப்பத்தேழு, முப்பத்தெட்டு, இரு இரு, அந்த ஒற்றைக்கால் கடற்காகத்தை அப்போதே எண்ணியாயிற்று, மறுபடி எண்ணினால் பறவை ஆய்வு அலுவலகத்து அதிகாரி சொன்னது உண்மையாகிவிடும், "வீட்டுக் கொல்லையிலயே உக்காந்து எண்ணப் போறியாம்மா? எண்ணிக்கைய சும்மா ஏத்திப் போட்டுடாத" என்று அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... அதற்கு முன் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டு, படகு எஞ்சின் ரிப்பேர் என்றதும் ஒரு "ஓஹோ" போட்டாரே, அந்த ஓஹோவில் அவளுடைய விலங்கியல் பட்டம் மூழ்கியே போனது, குடும்பத்திலேயே முதல் பட்டம், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா மனுஷன்? சரி, கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், ஆலா பதினொன்று, உள்ளான் ஆறு, தினமும் காலை ஆறு முதல் ஏழு மணி வரை என்று இன்றோடு இருபது நாள், பத்து மணிக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும், அதைப் பார்த்துத்தான் வேலை அவளுக்கா இல்லையா என்பது முடிவாகும்.

படிவம் ஜோராகத்தான் இருக்கிறது, முதல் இரண்டு நாள் வெறும் ஏழு, மூன்றாம் நாளிலிருந்து நாற்பதுக்குக் குறையவில்லை, எப்படி? காற்றுத் திசை மாறியதால் என்று அரைப்பக்கம் வேறு எழுதிவைத்திருக்கிறாள்... கவிழ்த்துப்போட்ட படகுதான் எப்போதும் அவள் இருக்கை, இன்று அதில் எறும்பு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நகர்ந்தாள், அங்கிருந்து பார்த்தால் சமையலறைப் பின்வாசல், வாசலில் அம்மா, அம்மா கையில் அலுமினியச் சட்டி, எட்டு மணிக்குக் குழியில் புதைக்கிற மீன் குடல் ஆறு மணிக்கே வானத்தில் பறக்கிறது, "வாங்கடா, வாங்க, அடிச்சிக்காம உக்காருங்க, புள்ள எண்ணணும்!"

"அம்மா! என்னம்மா பண்ற?"

"நீதானடி ரெண்டாம் நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு ஏழே ஏழுதான்னு சொன்ன? அதான் கூப்பிட்டு விட்டேன். கடைசி நாளாச்சேன்னு இன்னிக்கு ஒரு கை ஜாஸ்தியாவே போட்டிருக்கேன்."

கத்தத்தான் வாயைத் திறந்தாள், வந்தது சிரிப்பு, அடக்க அடக்க வயிறு குலுங்கியது, காற்றுத் திசையாம், அரைப்பக்கமாம், காற்று இங்கே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சட்டியோடு நிற்கிறது... "எத்தினிடி ஆச்சு?" என்று காற்று கேட்டது, பரீட்சை முடிவு பார்க்க வந்தவள்போல. "நாப்பத்தொண்ணும்மா." "அவ்ளோதானா? தென்னையில செம்பருந்து ரெண்டு குந்தியிருக்கே, அத எவ எண்ணுவா?" நிமிர்ந்து பார்த்தாள், இருந்தன, ஐயோ, பட்டதாரி.

படிவத்தைப் பிரித்தாள், மனிதத் தலையீடு என்ற கட்டத்தில் இருபது நாளும் முன்கூட்டியே எழுதிவைத்த இல்லை, இல்லை, இல்லை... வேலை போனாலும் போகட்டும், அந்த ஆள் சொன்னபடி மட்டும் ஆகக் கூடாது, மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாக அடித்து உண்டு என்று எழுதினாள், பதினெட்டு முறை, காற்றுத் திசை அரைப்பக்கத்துக்கும் சேர்த்து ஒரு கோடு. அடுத்த கட்டம், என்ன வகைத் தலையீடு? மீன் கழிவு என்று எழுதலாம், பொய்யில்லை... ஆனால் சட்டியில் வந்தது அது மட்டும்தானா, பதினெட்டு நாளும்? கட்டமோ சின்னது, ஒரு சொல்தான் கொள்ளும், ஒற்றைக்கால் கடற்காகம் இன்னும் போகாமல் நிற்கிறது, பேனா இறங்கவில்லை, "இன்னும் கொஞ்சம் போடட்டாடி?" என்கிறாள் அம்மா...