பசியாறப் போன இடத்தில் பூநாரை

கோயம்புத்தூரிலிருந்து திருமலைராயன்பட்டினத்துக்கு, கூடப்பிறந்த மூத்தவள் நுஸ்ரத் லாத்தாவின் புகுந்த வீட்டுக்கு வந்த நஜீபாவின் பையில் துணிமணிக்கு நடுவே ஒரு பைனாகுலர் இருந்தது. டிசம்பர் மாதம்; பக்கத்திலேயே கடல், ஆற்று முகம், இறால் குட்டை. ஒரு பூநாரையாவது கண்ணில் படாதா என்ற ஆசை. ஆனால் பறவைகளுக்கு முன்னால் சொந்தக்காரர்கள் அவளைப் பார்த்துவிட்டார்கள்.

விடிந்தால் யாராவது ஒருவர் வீட்டில் பசியாறக் கூப்பிட்டார்கள். பறவை மேய்கிற நேரமும் இடியாப்பம் வேகிற நேரமும் ஒன்றாகப் போயின. இரண்டு காலைப்பொழுது அப்படியே வயிற்றுக்குள் போனதும் நஜீபாவுக்கு ஒரு யோசனை வந்தது. அடுத்துக் கூப்பிட்ட மாமியிடம் கேட்டாள்:

"கட்டாயம் வர்றேன் மாமி. உங்க மொட்டைமாடியில ஏறுனா என்ன தெரியும்?"

"துணி காயப்போட்ட கொடி தெரியும்."

அந்த வீட்டை மத்தியானச் சாப்பாட்டுக்குத் தள்ளிவைத்தாள்.

சேதி பரவிவிட்டது. "எங்க கொல்லையில கொக்கு நிக்கும்", "எங்க வீட்டுக்கு மீன்கொத்தி வரும்" என்று அழைப்புகள் வேறு தினுசாக வர ஆரம்பித்தன. நுஸ்ரத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஊரே சிரிக்குதுடி. விருந்துக்குப் போறவ கறி என்னன்னு கேப்பா. நீ குருவி என்னன்னு கேக்குற!"

அன்று சாயங்காலம், நுஸ்ரத்துடைய கணவரின் தாய்மாமா காஜா நஜ்முதீன் போன் செய்தார்.

"பூநாரைன்னா ரோஸ் கலர்ல இருக்குமே, அதானே புள்ள? எங்க மாடியிலயே இருக்கு. காலையில வந்துரு."

மாடியிலேயே என்றபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆசை யாரை யோசிக்க விட்டது?

காலையில் போனதும் மாடிப்படியை மறித்துக்கொண்டு மாமாவின் மனைவி சித்திக்கா மாமி நின்றார். "முதல்ல பசியாறு. அதுங்க எங்கயும் போவாது." இடியாப்பம், தொட்டுக்கொள்ளக் கறி ஆணம், இனிப்புக்கு வட்டலப்பம் என்று மூச்சு முட்டச் சாப்பிட்டுவிட்டு நஜீபா படியேறினாள்.

மாடியில் ஒரு கூடை கவிழ்த்துவைத்திருந்தது. மாமா பெருமையாக அதைத் தூக்கினார். பேரப்பிள்ளைகளுக்காகத் தெருவில் வாங்கிய சாயம் போட்ட கோழிக்குஞ்சுகள், சுத்த ரோஸ் கலரில், கீச்கீச்சென்று சிதறி ஓடின.

நஜீபா சிரித்துச் சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமாவின் முகம் வாடிப்போனது.

"அப்ப இது இல்லையா?"

பாவமாக இருந்தது. அவருடைய வீட்டில் புகழ்வதற்கு வேறு ஏதாவது கிடைக்குமா என்று எழுந்து கைப்பிடிச் சுவருக்கு வெளியே பார்த்தாள். தென்னை மரங்களுக்கு அப்பால் ஓர் இறால் குட்டையில் தண்ணீரை இறைத்துவிட்டிருந்தார்கள். சேற்றில் பெரிய வெள்ளைப் பறவைகள் வரிசையாக நடந்தன. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசி வீசி நடந்தன.

நஜீபாவின் சிரிப்பு நின்றது. கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் கழற்றி மாமாவிடம் நீட்டினாள்.

"என்ன புள்ள இது, மூக்கு அகப்பை மாதிரி! குழம்பைத் துழாவுற மாதிரியில்ல துழாவுது!"

"கரண்டிவாயன் மாமா. எத்தனையோ ஏரிக்குப் போயிருக்கேன். இன்னைக்கு வரைக்கும் நேர்ல பாத்ததில்ல."

மாமா நிமிர்ந்தார். "சித்திக்கா! கேட்டியா? நம்ம மாடிக்கு நேரா கரண்டிவாயன்!" என்று கீழே குரல் கொடுத்துவிட்டு, மறுபடியும் கண்ணில் பைனாகுலரை வைத்தவர்தான்.

"மாமா, நானும் ஒரு தடவை..."

"இரு புள்ள, அது இப்பதான் என்னமோ புடிச்சிருக்கு."

நஜீபா சுவரில் மோவாயை ஊன்றிக்கொண்டு வெறுங்கண்ணாலேயே பார்த்தாள். அதுவே போதுமாக இருந்தது.