ருக்குமணியின் கோபமும் பெருவிரலும்

1

இந்தக் கதை என் காதில் விழுந்த ஒரு பேச்சிலிருந்து வந்தது. மலை டவுனான தானா ராத்தாவின் ஆஸ்பத்திரியில், மருந்துக்குக் காத்திருக்கும் பெஞ்சில் எனக்கு முன்னால் இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள்: "நான் கோவமா இருக்கேன்னே எங்க வீட்டுக்காரரு நெனச்சுக்கிட்டாருடி. கோவம் இல்ல, பெருவெரலு." இருவரும் சிரித்தார்கள். அதற்குள் பெயரைக் கூப்பிட்டார்கள். சொன்னவள் எழுந்து போய்விட்டாள்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் வைத்தது. பெயர் ருக்குமணி, வயது ஐம்பதை ஒட்டி. வருடம் 1981. கையால் பறித்த கொழுந்தைக் கத்தரியால் வெட்டத் தொடங்கியிருந்த சமயம் என்று வைத்துக்கொள்கிறேன், எனக்கு அந்தக் கத்தரி வேண்டும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: பனி விலகாத தேயிலைச் சரிவில் நின்று ருக்குமணி தன் கைகளைப் பார்த்தாள். அவை —

விட்டுவிட்டேன். பனியை ரசிப்பவர்கள் டவுனில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள். ருக்குமணிக்குப் பனி என்றால் விரல் மடங்காத காலை நேரம்.

அடுத்தது: காலமெல்லாம் கொழுந்து பறித்துத் தேய்ந்துபோன —

இதுவும் வேண்டாம். இப்படி எழுதினால் நீங்கள் உடனே பரிதாபப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். ருக்குமணிக்குப் பரிதாபம் ஆகாது. அவளுக்கு நேர்ந்ததெல்லாம் அதனால்தான்.

ஆகவே நேராக டம்ளருக்குப் போகிறேன்.

3

ருக்குமணியின் கணவர் தங்கராஜு தோட்டத்து லோரி ஓட்டுபவர். முந்தின நாள் சாயங்காலம் அவர் ஒரு முடிவை வீட்டில் அறிவித்திருந்தார். மகள் புஷ்பலீலா பினாங்கு பேக்டரி வேலைக்குப் போகவேண்டியதில்லை. கம்போங் ராஜாவில் இருக்கும் தன் அக்காள் மகனுக்கே அவளைக் கட்டிக்கொடுத்துவிடலாம். மகள் அழுதுகொண்டே படுத்துவிட்டாள். ருக்குமணி எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் முடிவு எதற்கும் அவள் ஒன்றும் சொன்னதில்லை.

விடிந்ததும் அவருக்குத் தேத்தண்ணீர் நீட்டினாள். பெருவிரலின் அடியில் சுருக்கென்று ஒரு வலி. பிடி விட்டுப்போயிற்று. டம்ளர் தரையில் விழுந்து உருண்டது, தேத்தண்ணீர் அவர் காக்கிக் கால்சட்டையை நனைத்தது.

தங்கராஜு அவளையே பார்த்தார்.

"மனசுல இருக்கறத வாயால சொல்லு. சாமான தூக்கிப் போடாதலா."

'கை நழுவிடுச்சுங்க' என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் பெரட்டு மணி அடித்தது. ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு எல்லோரும் ஓட, அவரும் போய்விட்டார்.

(கதையை இங்கேயே முடித்திருக்கலாம். மணி கொஞ்சம் தாமதமாக அடித்திருந்தால் நமக்குக் கதையே இல்லை.)

4

கைக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். அவளுக்கே அப்போது தெரியாது.

ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நகத்துக்குக் கீழ் மூட்டில் கடலைப் பருப்பு அளவு முண்டுகள். தொட்டால் கல் மாதிரி. காலையில் விரல்கள் விறைத்திருக்கும். அடுப்பில் காட்டி, இரண்டு மூன்று சட்டி கழுவினால் இளகிவிடும். பெருவிரல் அடிமூட்டு மட்டும் இளகாது. சாவியைத் திருப்பும்போதும் மைலோ டின் மூடியை நெம்பும்போதும் உயிர் போகும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுவதற்கு அந்த விரல்தான் வேண்டும். அவள் கூடை இலேசாகிக்கொண்டே வந்தது. கங்காணி நாகப்பன் ஒருமுறை கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தார்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. முண்டு விழுந்த விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரே பயம்தான். அந்த நோயின் பெயரை லயத்து வரிசை வீடுகளில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. வந்தவர்களைச் சுங்கை பூலோ தொழுநோய் முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

5

அந்த வாரமே கறிச்சட்டி விழுந்தது. தங்கராஜு சாப்பிட உட்கார்ந்திருந்தார். சட்டி இரண்டாகப் பிளந்து, மீன் குழம்பு அவர் பாய்வரைக்கும் ஓடியது.

அவர் எழுந்து வெளியே போனார். வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"சரி. பினாங்கு விசயத்த யோசிப்போம். அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். இதுக்காக வீட்ட ஒடைக்கணுமா நீ?"

ருக்குமணி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. கதவுக்குப் பின்னால் புஷ்பலீலா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? தங்கராஜு தைலம் வாங்கிவருவார், 'பாவம்' என்பார். பிறகு பெருமூச்சுவிட்டு, கம்போங் ராஜாவில் தேதி குறித்துவிட்டு வருவார்.

வாயை மூடிக்கொண்டாள்.

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இவள் தந்திரக்காரியா? அதைச் சோதிக்க இன்னொரு காட்சி எழுதினேன். மறுநாள் அவள் வேண்டுமென்றே ஒரு தட்டைக் கீழே போடப் பார்க்கிறாள். கணவர் எதிரில் தட்டைப் பிடித்தபடி நிற்கிறாள். முகம் சிவக்கிறது. கை அசையவில்லை. கடைசியில் அதில் சோற்றைப் போட்டு அவருக்கே வைத்துவிடுகிறாள். தங்கராஜு அந்தச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு எழுகிறார்.

காட்சி பிடித்துவிட்டது, வைத்துக்கொண்டேன். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

6

தோட்டத்து மருந்துக்கூடத்தில் வைத்தியம் பார்ப்பவர் டிரெசர் கிரகரி. புஷ்பலீலாதான் தாயை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். தாயின் கையை அவள் பார்த்துவிட்டிருந்தாள்.

கிரகரி பெருவிரலைப் பிடித்து, அடிமூட்டை அழுத்திச் சுழற்றினார். உள்ளே மணல் அரைபடுவதுபோல நறநறத்தது. ருக்குமணி பல்லைக் கடித்தாள். முண்டுகளைத் தடவினார், மணிக்கட்டைப் பார்த்தார்.

"காலைல எவ்ளோ நேரம் விறைப்பு இருக்குக்கா?"

"அடுப்பு வேல முடியறதுக்குள்ள வுட்டுரும்."

"காய்ச்சல், அசதி? கை முழுக்க வீங்கிச் சூடா இருக்கா?"

"இல்லைங்க." பிறகு மகளுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்: "டிரெசரய்யா, அந்தப் பெரிய நோயி இல்லியே?"

கிரகரி ஊசியால் விரல் நுனிகளை மெல்லத் தொட்டார். ஒவ்வொன்றிலும் உணர்ச்சி இருந்தது.

"அதெல்லாம் இல்லக்கா. எலும்பு மூட்டுத் தேய்மானம். டவுன்ல எக்ஸ்ரே எடுத்துப் பாத்துருவோம். இது முழுசா போகாது. ஆனா சமாளிக்கலாம்."

சமாளிக்கும் வழிகளைச் சொன்னார். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டவேண்டும். விரல் நுனியால் கிள்ளித் தூக்காமல் இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தவேண்டும். கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிப்பாக்கவேண்டும். வலி கூடினால் பெருவிரலுக்குப் பட்டை போட்டு ஓய்வு கொடுக்கவேண்டும், ஆனால் கையை ஒரேயடியாகக் கட்டிப்போட்டுவிடக் கூடாது. மாத்திரை வேண்டும்போது மட்டும், அதுவும் சாப்பிட்ட பிறகு.

"கொழுந்து கிள்ள வேணாம்னு மேனேஜர் துரைகிட்ட சொல்றேன். கத்தரி குடுக்கச் சொல்றேன். பிடில சைக்கிள் டியூப் சுத்திக்குங்க."

ருக்குமணிக்கு அழுகை வந்தது. பயம் போன அழுகை. துடைத்துக்கொண்டு, "வீட்டுல சொல்லணுமா இத?" என்றாள்.

"சொல்லாம எப்டிக்கா? அவரும் ஒத்தாச பண்ணனும்ல?"

அவள் மகளைப் பார்த்தாள். மகள் ஜன்னலைப் பார்த்தாள்.

"மொதல்ல இவ பினாங்கு போய்ச் சேரட்டும்," என்றாள் ருக்குமணி.

7

புஷ்பலீலா போனாள். தங்கராஜுவே தானா ராத்தா பஸ் நிலையத்தில் பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னலருகே நின்று, கடிதம் போடு, சாப்பிடு, நேரத்துக்கு ரூமுக்குத் திரும்பு என்று சொன்னதையே சொன்னார். ருக்குமணி சேலைத் தலைப்புக்குள் கையை மறைத்துக்கொண்டு நின்றாள். பட்டை போட்டிருந்தாள்.

இருவரும் லோரியில் திரும்பினார்கள். ஒரு வளைவில் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"ருக்கு. அவ போயிட்டா. நீ கேட்டது நடந்துருச்சு. இன்னும் எம்மேல கோவமா?"

அவள் எதையும் கேட்கவேயில்லை. அதைவிட அவர் கேட்டதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. இத்தனை வருடங்களில் அவர் அவளை இப்படிக் கேட்டதேயில்லை.

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் அவள் தலைப்பை விலக்கிக் கையைக் காட்டுகிறாள். அவர் பட்டையைப் பார்க்கிறார். "அப்ப நான்தான் பைத்தியக்காரனா?" என்கிறார், பிறகு —

மற்றதில் அவள், "ஆமாங்க, இருக்கு," என்கிறாள். சொன்ன பிறகுதான் அது பொய்யில்லை என்று அவளுக்கே தெரிகிறது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் —

இரண்டையும் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மட்டும். லயத்துப் பொதுக்குழாயடியில், பெண்களெல்லாம் பார்க்க, தங்கராஜு சட்டையைக் கழற்றிவிட்டுக் கம்பளியைத் துவைத்துக்கொண்டிருந்தார். நனைந்த கம்பளியின் ஒரு முனையைக் குழாயில் மாட்டி, மறுமுனையை முறுக்கி, கழுத்து நரம்பு புடைக்கப் பிழிந்தார். ருக்குமணி பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, "இன்னும் தண்ணி இருக்குங்க," என்றாள்.

அவர் மறுபடியும் முறுக்கினார்.

அவள் வலி தெரிந்து பிழிந்தாரா, கோபத்துக்குப் பயந்து பிழிந்தாரா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். எதுவானாலும் கம்பளி காய்ந்துவிடும்.