நாற்பத்து மூன்று மங்குகள்

"எம்மவ தலமாட்டுல இருந்த மங்க எடுத்துக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சிருக்காங்கய்யா!"

கிரில் கதவைக்கூடச் சாத்தாமல் வாசலிலேயே நின்று கத்தினாள் பிரேமாவதி. பாக்கார் ஆராங் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். இங்கே தாளித்தால் அங்கே தும்முவார்கள். அவள் கணவன் காளிமுத்து ஓடிவந்து கதவை அடைத்தான். அவனுக்கு முதலில் வந்தது மகளின் நினைப்பு இல்லை, அக்கம்பக்கத்தின் நினைப்பு.

"மெதுவா பேசு லா. பக்கத்துல கேக்கப்போவுது."

"கேக்கட்டுமே!"

"கேட்டா எந்த லயத்து ஆளுங்கன்னு தோண்டுவாங்க. பதினஞ்சு வருசமா இங்க ஒருத்தனுக்கும் தெரியாது. பெரியவளுக்கு மாப்பிள்ள பாக்குற நேரத்துல மானத்த வாங்காத."

பிரேமாவதி கைப்பையைத் தரையில் எறிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். "பெத்த புள்ளயோட குழிய நாளைக்கழிச்சி புல்டோசர் ஏத்தித் தள்ளப் போறாங்க. உனக்கு மானம் கேக்குது."

பாடாங் மேஹா பக்கம் ஆத்துமூலை ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் இருவரும். அங்கே மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வீட்டு வரிசைகள். இரண்டு லயத்தின் பாட்டன் பூட்டன்களும் ஒரே கப்பலில், ஒரே ஒப்பந்தத்தில் கட்டுண்டு வந்தவர்கள்தான். ஒரே துரையிடம் உதை வாங்கியவர்கள்தான். ஆனால் கோயிலும் தண்ணீர்க் குழாயும் மேல் லயத்துக்கு. கீழ் லயத்தார் கோயில் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட வேண்டும். செத்த பிறகும் விடவில்லை. கால்வாய்க்கு இந்தப் பக்கம் மேல் லயத்து இடுகாடு, சிமெண்டுக் கல்லறைகளோடு. அந்தப் பக்கம் கீழ் லயத்துக்கு. அங்கே கல் எழுப்பக் கூடாது என்று எந்தக் காலத்துக் கங்காணியோ சொல்லி வைத்துவிட்டுப் போனான். கல்தானே கூடாது? கீழ் லயத்தார், செத்தவர் ரப்பர் மரத்தில் மாட்டிப் பால் பிடித்த மங்கு என்னும் பீங்கான் கிண்ணத்தையே எடுத்துத் தலைமாட்டில் கவிழ்த்துப் புதைத்தார்கள்.

இளைய மகள் திலகா ஆறு வயதில் காய்ச்சலில் போனாள். பால் வெட்டாத குழந்தைக்கு ஏது மங்கு? பிரேமாவதி தான் பால் வெட்டும் மரவரிசையிலிருந்து ஒன்றைக் கழற்றி, உட்புறத்தில் சிவப்பு நகப்பூச்சால் 'தி' என்று எழுதிக் கவிழ்த்தாள். பதினெட்டு வருடமாகத் தீபாவளிக்கு முதல் நாள், யாருக்கும் சொல்லாமல் போய், அதன் முன் சூடம் ஏற்றிவிட்டு வருவாள்.

இப்போது அந்த நிலத்தில் ஒரு பல்கலைக்கழகம் நிற்கிறது. தோட்டக் கம்பெனிக் குடும்பம் கட்டியது. பிரேமாவதிக்கு அங்கேதான் துப்புரவு வேலை. பழைய காகிதங்களை மாணவர்கள் கிளறியதில், ஓடிப்போனவர்களைச் சிறையில் போட்டது, செத்தவன் ஒப்பந்தத்தை அவன் மகன் தலையில் கட்டியது எல்லாம் வெளியே வந்தது. பல்கலைக்கழகம் மறைக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் சுவர்கள் அடிமை உழைப்பில் எழுந்தவை என்று எழுதியே வைத்தது. நினைவுக் கூடம், வம்சாவளிப் பட்டியல், இடுகாட்டைச் சீரமைப்பது, பகிரங்க மன்னிப்பு. எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் பட்டியலை யாரிடம் கேட்டார்கள்? மேல் லயத்துக் கோயில் கமிட்டியிடம்!

கமிட்டித் தலைவர் குழந்தைவேலு அழகாகப் படம் வரைந்து கொடுத்தார். அதில் ஒரே ஒரு இடுகாடு இருந்தது. கால்வாய்க்கு அப்பால் வெறும் லாலாங் புல்காடு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அங்கே கார் நிறுத்துமிடம் வருகிறது. புல்லுக்குள் கிடந்த மங்குகளை மாணவர்கள் முன்னோர் தொட்ட பொருள் என்று பக்தியோடு பொறுக்கி, மண் போகத் தேய்த்துக் கழுவி, கண்ணாடிப் பெட்டியில் அடுக்கினார்கள். பாவம், அந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்!

மறுநாள் ஞாயிறு. பிரேமாவதி காலையிலேயே அந்தப் புல்காட்டுக்குள் இறங்கினாள். தலைக்கு மேல் லாலாங். போன தீபாவளிக்குப் பிறகு கால்வாயை மூடியிருந்தார்கள். அவள் அடையாளம் வைத்திருந்த வேப்பமரத்தை வெட்டியிருந்தார்கள். இங்கேயா, அங்கேயா என்று கைகளால் மண்ணைத் தடவித் தடவிப் பார்த்தாள். புல் கையைக் கிழித்ததுதான் மிச்சம். எந்த இடத்தில் நின்று அழுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து நினைவுக் கூடத்துக்குப் போனாள். அதற்குப் பொறுப்பான டாக்டர் லோகேஸ்வரி மறுநாள் விழாவுக்கு நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தாள். பிரேமாவதி சொன்னதைக் கேட்டதும் அவள் முகம் வாடிப்போனது.

"நான் நம்புறேம்மா. ஆனா ரெக்கார்டுல இல்லயே. கமிட்டி குடுத்ததுதான் ரெக்கார்ட். தலைவர் ஒரு சுராட், சும்மா ஒரு கடுதாசி, எழுதிக் கொடுத்தா நானே போய் வேலய நிப்பாட்டுறேன். நாளைக்கு மத்தியானம் மெஷின் வருது."

கோயிலில் திருவிழா. குழந்தைவேலு மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டி, பந்தல்காரர்களை அதட்டிக்கொண்டிருந்தார். பிரேமாவதி, பழக்கதோஷம், கோயில் வாசலுக்கு வெளியேயே நின்றாள்.

"தலைவரே, அந்தப் பக்கம் எங்க சனம் இருக்குன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. உங்க கால்ல விழுறேன்."

"யாரு, காளிமுத்து பொஞ்சாதியா? அங்க ஏதும்மா சனம்? புல்லுதான் கெடக்குது."

"திலகாவ நீங்களும் பாத்திருக்கீங்க தலைவரே! புதைச்ச அன்னிக்குக் கால்வாய்க்கு இந்தப் பக்கம் நின்னுகிட்டிருந்தீங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரு. வெள்ளக்காரன் நம்மள அடிமையா நடத்துனான்னு ஊரு ஒலகமே பேசுது. இந்த நேரத்துல நமக்குள்ள மேலு கீழுன்னு வெளிய தெரிஞ்சா கேவலம் இல்லயா? ஒத்துமையா இருக்கணும்மா."

ஒற்றுமையாம்! பிரேமாவதி திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்தும் சோற்றைத் தொடவில்லை. காளிமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை காலை, கூடத்தைத் துடைக்கும் முறை அவளுடையது. பெட்டிகளைத் துடைப்பதற்காகத் திறந்து விட்டிருந்தார்கள். மங்குகளை வரிசையாக, வாய் மேலே பார்க்க வைத்திருந்தார்கள். ஓரத்தில் 'தி'. தேய்த்ததில் பாதி அழிந்த சிவப்பு.

அவள் எதையும் திட்டமிடவில்லை. அழ ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான். திலகாவின் மங்கை எடுத்துத் தரையில் கவிழ்த்தாள். பிள்ளை தனியாக இருப்பாளே என்று தோன்றியது. பக்கத்தில் இன்னொன்றைக் கவிழ்த்தாள். அப்புறம் இன்னொன்று. நாற்பத்து மூன்றையும் இரண்டு வரிசையாகக் கவிழ்த்துவிட்டு, மகளின் மங்குக்கு முன் சூடம் ஏற்றி, "அம்மா வந்துட்டேண்டி" என்று தரையில் சாய்ந்தாள்.

பத்து மணிக்குக் கதவைத் திறந்தார்கள். துணைவேந்தர், பத்திரிகைக்காரர்கள், முன்னால் மாலையும் கையுமாகக் குழந்தைவேலு. உள்ளே ஒரு கால் வைத்தவர் சடாரென்று பின்னால் நகர்ந்தார். மாலை கீழே விழுந்தது.

"என்ன தலைவரே? உள்ள வாங்க," என்றாள் லோகேஸ்வரி.

"இல்லம்மா... காப்பு கட்டியிருக்கேன். இதுக்குள்ள கால் வைக்கக் கூடாது. சாமி குத்தம் ஆயிரும்."

"எதுக்குள்ள?"

"சுடுகாட்டுக்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

லோகேஸ்வரி தரையைப் பார்த்தாள். கவிழ்ந்த மங்குகளைப் பார்த்தாள். காப்பு கட்டிய அந்தக் கையைப் பார்த்தாள். "புல்காடுன்னு எழுதிக் கொடுத்தீங்களே!" என்று கேட்டாள். கைத்தொலைபேசியை எடுத்து, புல்டோசரை வரவேண்டாமென்று குத்தகைக்காரருக்குச் சொன்னாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பிரேமாவதியின் அருகில் உட்கார்ந்து வம்சாவளிப் பட்டியலைத் திறந்தாள்.

"சொல்லுங்கம்மா. யார் யாரு இது?"

"இது திலகா. எம்மவ. ஆறு வயசு." பிரேமாவதி மற்றவற்றைப் பார்த்தாள். "பேரெல்லாம் தெரியும்மா. ஆனா எது யாரோடதுன்னு இனிமே தெரியாது. இருந்த எடத்துலயே இருந்திருந்தா சொல்லிருவேன். பொறுக்கிக் கழுவிட்டீங்களே."

லோகேஸ்வரி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அதுல ஒண்ணு எங்கப்பா."

எல்லாரும் திரும்பினார்கள். மனைவி சாப்பிடாமல் போனாளே என்று பின்னாலேயே வந்த காளிமுத்து, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வாசல் ஓரமாய் நின்றிருந்தான். கேமராக்கள் அவன் பக்கம் திரும்பின. பாக்கார் ஆராங் முழுக்க நாளைக்குப் பார்க்கும். அவன் முகத்தைத் திருப்பவில்லை.

"மாரியப்பன். எழுதிக்குங்க. கீழ் லயம்."

குழந்தைவேலு வாசலுக்கு வெளியே, உள்ளே வரவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றார். பிரேமாவதி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பரவால்ல தலைவரே, அங்கயே நில்லுங்க. நாங்க இத்தன தலமொறையா வெளியதான நின்னோம்."