வட்டத்தில் ஓர் இடம்

விடிந்தும் விடியாத நேரத்தில் விதுஷா தியான மண்டபத்தின் கதவைத் திறந்தபோது, விருந்தாளிகளில் ஒருத்தி தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அந்த விருந்தாளி அவளுடைய அம்மா.

மெத்தைகளெல்லாம் தட்டி அடுக்கப்பட்டிருந்தன. வாசலில் முந்தின இரவு கண்டபடி கிடந்த செருப்புகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல ஜோடி ஜோடியாக வரிசையில் நின்றன. 'உன்னை நீ கண்டடைவாய்' என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்த வாசகத்துக்குக் கீழே, விஜயலெட்சுமி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்திருந்தாள். எல்ல என்ற அந்த மலையூரின் குளிருக்கு மற்ற விருந்தாளிகள் போர்வைக்குள் சுருண்டு கிடக்க, பதினான்கு வருஷம் குவைத்தில் அடுத்தவர் வீட்டு விடியலைத் தயார் செய்து பழகிய அந்த உடம்பு தானாகவே எழுந்துவந்து, மற்ற எதற்கும் முன்னால் விளக்குமாற்றைக் கண்டடைந்திருந்தது.

"அம்மா, என்னா செய்யுறீங்க?"

"சும்மாதான் புள்ள."

"நீங்க கெஸ்ட்டு. கெஸ்ட் கூட்டக் கூடாது."

"குப்பையா இருந்துச்சே."

"குப்பையா இருந்தா நாங்க கூட்டுவோம். நீங்க போயி படுங்க."

"படுத்தா தூக்கம் வரல."

"வராட்டியும் படுத்திருங்க. கெஸ்ட்டெல்லாம் அப்பிடித்தான் இருப்பாங்க."

விஜயலெட்சுமி விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். வேலையை விட்டு நிறுத்தப்பட்டவள் போலத்தான் போனாள்.

அவள் விருந்தாளியானது ஓர் ஓட்டையை அடைப்பதற்காக. முகாமை நடத்தும் கிரிஷ், எங்கோ ஒரு மலையடிவாரத்தில் ஆறு மாதம் மௌனமாக இருந்துவிட்டு வந்தவர். திரும்பி வந்த நாள்முதல் அந்த மௌனத்தைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார். பதுளை பஸாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வீரசிங்கம் முதலாளிக்கு அவர் இன்னமும் மூத்த மகன் கிரிஷாந்தன்தான். மௌனத்தில் இருந்தபோது பெயரின் பின்பாதி உதிர்ந்துவிட்டது. முகாமுக்கு வரவேண்டியவர்களில் ஒருவர் கடைசி நேரத்தில் வயிற்றுப்போக்கு என்று நின்றுவிட, வட்டத்தில் ஓட்டை விழுந்தால் சக்தியெல்லாம் ஒழுகிவிடும் என்று கிரிஷ் கலங்கிப்போனார். பாத்திரக்கடைப் பிள்ளை அல்லவா, ஓட்டை பற்றிய கவலை ரத்தத்திலேயே இருந்தது. "யாராச்சும் ஒராள உக்கார வைக்க ஏலுமா?" என்று வரவேற்பு மேசையில் இருந்த விதுஷாவிடம் கேட்டார். விதுஷா யோசிக்கவேயில்லை. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த வீட்டுக்குப் போன் போட்டு, "அம்மா, மூணு நாளைக்கு உடுப்பு எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

அம்மா குவைத்திலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பதுளை ஏஜென்சிக்காரர், மறுபடி அதே வீட்டில் கூப்பிடுகிறார்கள், திங்கட்கிழமை பாஸ்போர்ட்டோடு வாருங்கள் என்று சொல்லியிருந்தார். அப்பா தயாபரன், "ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, பாஸ்போர்ட்டை எடுத்துச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார். அத்தை போகச் சொன்னாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள், போவாயா என்றுகூடக் கேட்கவில்லை. எப்போது பயணம் என்றுதான் கேட்டார்கள். விதுஷா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு வயதிலிருந்து அம்மா அவளுக்குப் போனுக்குள் இருப்பவள். போனுக்குள் இருப்பவளிடம் எதைப் பேசலாம், எதைப் பேசினால் அந்தப் பக்கம் அழுகை கேட்கும் என்றெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எதிரே உட்கார்ந்திருப்பவளிடம் 'போகாதே' என்று எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. மூன்று நாள் ஒரே கூரையின் கீழ் இருந்தால் வாய் தானாகத் திறக்கும் என்று நம்பினாள். தங்களைக் கண்டடைய வந்தவர்களுக்கு நடுவில், அவள் ஒரேயொரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் வட்டத்தில் எல்லோரும் தாங்கள் யார் என்று சொல்ல வேண்டியிருந்தது. டொராண்டோவிலிருந்து வந்த டாக்டர், தான் ஒரு நதி என்றார். வெள்ளவத்தை வங்கி அதிகாரி, தான் இன்னும் எழுதி முடிக்காத ஒரு கவிதை என்றார். முறை விஜயலெட்சுமியிடம் வந்தது.

"நா விதுஷாவோட அம்மாங்க."

"அது உறவும்மா," என்றார் கிரிஷ், கண்ணை மூடியபடி. "உறவையெல்லாம் கழட்டி வச்சிட்டுச் சொல்லுங்க."

விஜயலெட்சுமி கொஞ்சம் யோசித்தாள். "மடுல்சீமைங்க."

"அது இடம். இடத்தையும் கழட்டிருங்க."

"அப்ப நா எந்திரிச்சி வெளிய இருக்கவா தம்பி?"

தண்ணீர்க் குவளைகளோடு கதவோரம் நின்ற விதுஷாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகுதான் அம்மாவைப் பார்த்தாள். நதிக்கும் கவிதைக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அம்மா, பரீட்சையில் தப்பாக விடை சொன்ன பிள்ளை மாதிரி விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் காலை தேநீர்த் தியானம். மற்றவர்கள் இரண்டு மடக்கில் முடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிற ஒன்றை, இங்கே முக்கால் மணி நேரம் கையில் ஏந்தி உற்றுப் பார்க்கவேண்டும். உள்ளே என்ன எழுகிறது என்று கவனிக்கவேண்டும். டாக்டருக்குள் குழந்தைப் பருவம் எழுந்தது. வங்கி அதிகாரிக்குக் கண்ணீர் எழுந்தது, தாராளமாகவே. விஜயலெட்சுமி சொன்னபடியே கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னதைச் செய்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"அம்மாவுக்குள்ள என்ன எழுந்தது?" என்று கேட்டார் கிரிஷ்.

"தம்பி, எனக்குத் தேத்தண்ணி புடிக்கலைங்க."

கிரிஷ் முன்னால் சாய்ந்தார். "சொல்லுங்க, சொல்லுங்க. இந்தத் தேயிலை உங்க பரம்பரைக்குச் செய்த கொடுமை, அந்தக் கோபம்..."

"கோவமெல்லாம் இல்லீங்க. கசக்குது. சின்னதுலருந்தே கசந்துதான் இருக்கு. எல்லாரும் குடிக்கிறாங்களேன்னு நானும் குடிச்சேன். இப்பதான் இம்புட்டு நேரம் சும்மா உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தேனா, அப்பதான் தெரியுது."

முகாமின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஒருவர் உண்மையில் எதையோ கண்டுபிடித்துவிட்டார். அந்த அதிர்ச்சியிலிருந்து மீள கிரிஷுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பகல் சாப்பாடு முடிந்து விருந்தாளிகள் தங்களுக்குள் ஆழ்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரம், விதுஷா அம்மாவைச் சமையலறைக்கு அழைத்துவந்து ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"பின்ன என்னாதாம்மா புடிக்கும் ஒங்களுக்கு?"

"அப்பாவுக்குக் கருவாடு புடிக்கும். குவைத் மேடத்துக்கு ஏலக்கா போட்ட காப்பி. அங்க சின்னவனுக்குப் பாண் துண்டோட ஓரத்தையெல்லாம் வெட்டிட்டுக் குடுக்கணும், இல்லாட்டி தொட மாட்டான்."

"நா ஒங்களக் கேட்டேன்."

விஜயலெட்சுமி மேசையின் மேல் இல்லாத தூசியைத் தட்டினாள். "ஒனக்கு மாசிக் கருவாட்டுச் சம்பல் புடிக்கும்."

"அது எட்டு வயசுலம்மா. இப்ப நா மாசி சாப்புடுறதே இல்ல."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கூராகப் போய் இறங்கியது என்று விதுஷாவுக்குத் தெரிந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். யாரோ அவள் வீட்டில் இல்லாதபோது வந்து சாமான்களையெல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. "அப்ப என்னா சாப்புடுவ?" என்று கேட்டாள், மிகவும் மெதுவாக. விதுஷா வாயைத் திறந்தாள். பிறகு அவள் குளிர்சாதனப் பெட்டியை அகலத் திறந்து, விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மேசைக்குக் கொண்டுவந்தாள். சீஸ் அம்மாவுக்குச் சவர்க்காரம் மாதிரி இருந்தது. ஒலிவ் காயை முகம் சுளித்து உள்ளங்கையில் துப்பினாள். "இதக் காசு குடுத்தா தின்றாங்க?" என்றாள். எருமைத் தயிரில் கித்துள் பாணி என்ற இனிப்புப் பாகை ஊற்றிக் கொடுத்தபோது மட்டும் முகம் சுளிக்கவில்லை. ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி, பிறகு சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது புடிச்சிருக்கு," என்றாள், ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவள் போல.

விதுஷாவின் வாயில் 'போகாதே' என்ற அந்த வாக்கியம் அப்போது வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "இன்னுங்கொஞ்சம் ஊத்தவா?" என்று கேட்டுவிட்டாள்.

மறுநாள் காலை, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் 'மண்ணோடு ஓர் உரையாடல்'. பேசப் போகிறவர்கள் என்னவோ மண்ணை மிதிக்காமல் இருக்க முழங்கால்வரை சப்பாத்துப் போட்டிருந்தார்கள். எல்லோர் முதுகிலும் புத்தம் புதுக் கூடைகள். அங்கே உண்மையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை விட்டுப் பல வருஷமாகிறது, நைலோன் சாக்குத்தான். தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்துகொண்டு விதுஷா பின்னால் வந்தாள்.

"இந்த மண்ணின் மகள் நமக்கு வழிகாட்டுவார்," என்று கிரிஷ், விஜயலெட்சுமியை முன்னால் நிறுத்தினார். போன்கள் உயர்ந்தன. விஜயலெட்சுமி தயங்கித் தயங்கிச் செடிகளுக்குள் இறங்கி, கையை வைத்தாள்.

"ஏய்! யாரு நெரையில யாரு கை வைக்கிறது?"

கங்காணி காலையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை பிரித்துக் கொடுத்துவிட்டால், மாலைவரை அந்த வரிசை அவளுடையது. அடுத்தவள் நிரையில் கொழுந்து கிள்ளுவது, அடுத்தவள் பானையில் கை விடுவதற்குச் சமம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற கருப்பம்மா என்ற பெண்ணுக்குக் கோபத்தில் மூக்கு விடைத்திருந்தது. விஜயலெட்சுமி பதறிப் பின்வாங்கினாள். லயத்துக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம், அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"தப்புத்தான் அக்கா. மறந்துட்டேன்."

கருப்பம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பி, விரல்களுக்கிடையில் இருந்ததைப் பார்த்தாள். முற்றிய இலை. "தோட்டத்துப் புள்ளையா நீ? கைய எங்க வச்சிட்டு வந்த?"

"குவைத்துல."

கருப்பம்மா சிரித்துவிட்டாள். சுற்றியிருந்த பெண்களும் சிரித்தார்கள். "திரும்பப் போறியா?"

"நாளைக்கு ஏஜென்சிக்கு வரச்சொல்லியிருக்காங்க."

"போயிரு புள்ள. இங்க இருந்தா அட்டையும் கடிக்கும், கங்காணியும் கடிப்பாரு. அங்க ஒருத்தர் கடிதான்." பிறகு, இதில் பேசுவதற்கு வேறொன்றும் இல்லை என்பதுபோல, தன் நிரைக்குத் திரும்பிப் போய்விட்டாள். அவள் விரல்கள் செடிமேல் ஓடுவதை விஜயலெட்சுமி நின்று பார்த்தாள். அங்கே கூடையைச் சுமந்தவர்களும் சரி, சாக்கைச் சுமந்தவர்களும் சரி, அவரவர் இடத்தில் இருந்தார்கள். அம்மா மட்டும் எந்த நிரையிலும் இல்லாமல் இரண்டு வரிசைக்கு நடுவில் நிற்பதாக விதுஷாவுக்குத் தோன்றியது. போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். சோப்பில் ஊறி ஊறி வழுவழுப்பாகிப்போன கை. கிரிஷ் இதையும் படம் எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை முகாம் கலைந்தது. எல்லோரும் கட்டித் தழுவி, தங்களைக் கண்டடைந்த திருப்தியில் வான் பிடித்துப் போனார்கள். விதுஷா அரை மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, பாஸ்போர்ட்டையும் பையில் வைத்து நேரே ஏஜென்சிக்குக் கிளம்பிய அம்மாவோடு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தாள். இதற்கு முன் அவள் அம்மாவை வழியனுப்பியதே இல்லை. அழுதால் பயணத்துக்கு ஆகாது என்று, ஒவ்வொரு தடவையும் அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே விஜயலெட்சுமி புறப்பட்டுவிடுவாள். கண் விழித்தால் பக்கத்தில் பாய் சுருட்டப்பட்டிருக்கும். ஆகவே இப்படி நிற்கும்போது கையை எங்கே வைப்பது, முகத்தை எப்படி வைப்பது என்று இருவருக்குமே தெரியவில்லை.

"குளிருக்கு ஸ்வெட்டரப் போட்டுக்க," என்றாள் அம்மா.

"ம்."

"அப்பாவுக்குப் போன் பண்ணு."

"ம்."

வெல்லவாயவிலிருந்து பதுளை போகும் பஸ் நிறைமாசக்காரி போல அசைந்து வந்து நின்றது. "நகின்ன, நகின்ன!" என்று ஏறச்சொல்லிக் கத்திய கண்டக்டர், ஒரு வார்த்தை கேட்காமல் விஜயலெட்சுமியின் பையைப் பிடுங்கி உள்ளே கொடுத்தார். நின்று போகிறவரின் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கி வைத்துக்கொள்வது இங்கே எழுதாத சட்டம். ஜன்னலோரம் இருந்த ஒரு சிங்களப் பெண் அதை வாங்கி அணைத்துக்கொண்டாள். விஜயலெட்சுமி ஒரு காலைப் படியில் வைத்தாள். பின்னால் வெள்ளைக்காரர்களை ஏற்றிய ஆட்டோக்கள் வரிசையாகச் சேர்ந்து ஹார்ன் அடிக்கத் தொடங்கின.

விதுஷா ஏதோ சொன்னாள்.

"என்னா?"

மறுபடியும் சொன்னாள். உதடு அசைந்ததுதான் தெரிந்தது.

"கேக்கல புள்ள. சத்தமாச் சொல்லு."

"போகாதீங்கம்மா!"

கொஞ்சம் அதிகச் சத்தமாகவே வந்துவிட்டது. பதினான்கு வருஷத்துச் சத்தம். சரியாக அந்த நேரம் பார்த்து ஹார்ன்கள் ஓய்ந்திருந்தன. ரொட்டிக் கடையில் கொத்து ரொட்டி போட்டுக்கொண்டிருந்தவரின் கை நின்றது. மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். விதுஷாவுக்கு முகமெல்லாம் சூடேறியது. ஆனால் அவள் தலையைக் குனியவில்லை.

விஜயலெட்சுமி ஒரு கால் படியிலும் ஒரு கால் தார் ரோட்டிலுமாக மகளைப் பார்த்தாள்.

"இதச் சொல்றதுக்கு ஒனக்கு பஸ்ஸே வரணுமாடி?" என்றாள். திட்டுவதற்காக எடுத்த குரல் பாதியில் உடைந்தது.

கண்டக்டர் மணி அடிக்கத் தூக்கிய கையை அப்படியே வைத்திருந்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, என்ஜினை அணைத்தார். ஜன்னலோரத்துப் பெண், மடியில் இருந்த பையைப் பாதி வெளியே தூக்கிப் பிடித்தபடி, கொடுப்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல், அம்மாவின் முகத்தையும் மகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.