அறுபட்ட உத்தரம்

ஊர்க்கூடத்தை இடித்தே தீருவது என்று முடிவு கட்டி, எஞ்சினியர் கதவில் தாளும் ஒட்டிவிட்டுப் போனார். வடக்குச் சுவர் வெளியே சாய்ந்திருக்கிறதாம், அஸ்திவாரம் போய்விட்டதாம். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சொல்லலாம் என்று கடைசி வரியில் ஒரு பெரிய மனது.

வெல்டிங் பட்டறைக்காரி அதை இரண்டு முறை படித்தாள். நூற்றிருபது வருஷத்துக் கட்டடம். நடுவில் ஒரு தூண் கிடையாது. முந்நூறு பேர் உட்கார்ந்தால் முந்நூறு பேருக்கும் மேடை தெரியும். ஓட்டுப் போடுவது, தடுப்பூசி, அண்ணன் தம்பிச் சண்டைக்குச் சமாதானம், வெள்ளம் வந்தால் பாய் விரிப்பது எல்லாம் அங்கேதான். புதுக்கூடம் நெடுஞ்சாலையோரம் வருமாம். எப்போது என்று கேட்டால் எஞ்சினியர் வானத்தைப் பார்க்கிறார். இதை விட்டால் இந்த ஊர் ஒன்றாகக் கூட வேறு இடமே இல்லை. 

ஏணியைச் சாய்த்து ஏறினாள். கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டங்களில் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குறுக்கு உத்தரம், எதிரெதிர்ச் சுவர்களை இழுத்துப் பிடித்திருந்தது. கண்ணில் பட்டவற்றில் நடுச் சட்டத்தில் மட்டும் அது இல்லை. கரையான் தின்றது என்று ஊரில் பேச்சு. கரையான் இப்படி நேர்கோட்டில் தின்னாது. அது ரம்பத்தின் வேலை.

வீட்டில் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அந்தக் கூடத்துக்குள்ளேயே ஊர் இறகுப்பந்து அணியை நடத்தியவர். இன்றுவரை அவருக்குக் கேப்டன் என்றுதான் பெயர்.

"மாமா, நடு உத்தரத்த யாரு அறுத்தா?"

"கரையான்."

"கரையான் ரம்பம் வச்சிருந்துச்சா?"

கேப்டன் பேப்பரை மடித்தார். "ஷட்டில் போயிப் போயி அதுலயே இடிச்சுது. உயரம் இருந்தாத்தான் போட்டி நடத்தலாம்னாங்க. அறுத்துட்டோம். அதுக்கென்ன இப்போ?"

"அதனாலதான் சுவரு சாயுது. வெள்ளிக்கிழம எந்திரிச்சு இதச் சொல்லுங்க."

"நாப்பது வருஷமா கரையான்னு சொன்ன வாயி இது. மாத்திச் சொன்னா எவன் மதிப்பான்?"

"நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

"சொல்லிட்டு இந்த வீட்டுக்குள்ள எப்படி வருவ?"

"வாசல் வழியாத்தான்."

இரண்டு நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டின் மேல் மட்டும் கோபமில்லை. அவளும் சளைக்கவில்லை, பட்டறையைச் சாத்திவிட்டு, வடக்குச் சுவரோரம் நட்டநடுவில் இடுப்பளவு குழி தோண்டினாள். கருங்கல் அஸ்திவாரம் ஒரு விரிசல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை கூடத்து வாசலில் கூட்டம். அவள் எழுந்து குழியைக் காட்டினாள். உத்தரத்தை அறுத்தது யார் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில் கேப்டன் தரையைப் பார்த்தபடி இருந்தார். இரும்புக் கம்பி போட்டுச் சுவர்களை இழுத்துக் கட்டிவிடலாம் என்று முடித்தாள்.

எஞ்சினியர் குழிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"நடுவுல சரி. மேடைப் பக்கமும் சுவரு சாஞ்சிருக்கே, அங்க யாரும் ஷட்டில் ஆடலயே? அங்க அஸ்திவாரம் போயிருக்கலாம்ல?"

மேடைக்கு மேலே பலகை அடித்து மூடியிருந்தது. அதைப் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் புத்தியைத் தானே திட்டிக்கொண்டாள். எஞ்சினியர் பேனாவை மூடினார்.

"அதையும் நான்தான் அறுத்தேன்," என்றது பின்வரிசை.

கேப்டன் எழுந்து நின்றார். மருமகளைத் தவிர எல்லோரையும் பார்த்துப் பேசினார்.

"பலக அடிச்சு மறச்சதும் நான்தான். பதினாறு வருஷம் ஆச்சு. என் மகன் கல்யாணத்துக்கு மேடையில பூ அலங்காரம் உயரமா வைக்க வேண்டியிருந்துச்சு. வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல."

எஞ்சினியர் பலகையைப் பிரிக்கச் சொல்லி, மேலே ஏறி அறுத்த முனைகளைத் தடவிப் பார்த்தார். இறங்கி வந்து வெள்ளைத் தாளை நீட்டினார்.

"ரெண்டயும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இடிக்கிறத நிறுத்தி வைக்கிறேன். ஒரு மாசத்துல கம்பி ஏறணும்."

கேப்டன் எழுதினார். அவர் முடித்ததும் அவள் பேனாவை வாங்கி, கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.

"நீங்க எதுக்கும்மா?"

"அலங்காரம் கூரையத் தொடணும்னு அடம் புடிச்ச கல்யாணப் பொண்ணு நான்தான் சார்."