கிரேன் அக்கா இறங்க மறுத்த காலை

மேஸ்திரியின் போன் வந்தபோது போதகர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்டருங்களா? உங்க சபைக்கு வர்ற அக்கா, நம்ம டவர் கிரேன் ஓட்டுறவங்க, கேபினை விட்டு இறங்க மாட்டேங்குறாங்க. காத்து வேற கூடிட்டே வருது. உங்க பேரைச் சொல்லித்தான் அழுறாங்க. உடனே வாங்க."

வாயைக் கொப்பளித்தோமா என்றுகூட அவருக்கு நினைவில்லை. மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

அவளைச் சபையில் எல்லோரும் கிரேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசி வரிசைக்காரி. பாட்டு முடிகிறவரை சும்மா இருந்துவிட்டு, பிரசங்கம் தொடங்கியதும் நிமிர்ந்து உட்காருகிற ஒரே ஆள்.

சபைக்குக் கூட்டத்தில் குறைவில்லை. கலர் விளக்கு, டிரம்ஸ், பெரிய திரை. ஆனால் வந்தவர்கள் எதையாவது மனதில் வாங்கிக்கொண்டு போகிறார்களா என்ற சந்தேகம் கொஞ்ச நாளாகவே அவரை அரித்தது. அந்த அரிப்பில்தான் பியூரிட்டன்களைப் படிக்கத் தொடங்கினார். பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் திருச்சபையைச் சுத்தப்படுத்தக் கிளம்பியவர்கள். மருத்துவர் கட்டியைக் கீறுவதுபோல் மனிதனின் உள்ளத்தைக் கீறிப் பார்த்தவர்கள். அவருக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று. தாமும் கத்தியை எடுத்தார். "ஆண்டவரை அவருக்காகவே நேசிக்கிறாயா, அவர் கொடுப்பதற்காகவா? கொடுப்பதற்காக என்றால் உன் விசுவாசம் செத்த விசுவாசம்!" என்று நேற்று மேஜையைத் தட்டினார்.

குறி வைத்தது, கூட்டமும் பாட்டும் இருந்தால் போதும் என்று நினைக்கும் சபைக் கமிட்டித் தலைவரை. அவரோ ஆராதனை முடிந்ததும் வந்து கைகுலுக்கி, "நிறைய பேருக்குத் தேவையான செய்தி பாஸ்டர். கொஞ்சம் காரம்தான். அடுத்த வாரம் ஒரு பாட்டு கூடப் போட்டுக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே போனார். கிரேன் அக்கா வேலை பார்க்கும் கட்டடத்துக்கும் அவர்தான் என்ஜினியர்.

போதகர் போய்ச் சேர்ந்தபோது அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. தலையில் ஹெல்மெட்டோடு வாசலுக்கே ஓடி வந்தார்.

"ரெஸ்க்யூ டீம் வந்துட்டிருக்கு. காத்து இன்னும் கூடிட்டா அவங்களாலயும் ஏற முடியாது. இந்தாங்க, பேசுங்க."

மேஸ்திரி வாக்கி-டாக்கியை நீட்டினார். போதகர் அண்ணாந்து பார்த்தார். கேபின் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. கிரேனின் நீண்ட கை காற்றின் போக்கில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"அம்மா, நான்தான் பாஸ்டர். இறங்கி வாங்கம்மா."

"முடியல பாஸ்டர்." குரல் கரகரத்தது. "ஏணியைப் பார்த்தாலே கை உதறுது. இத்தனை வருஷத்துல இப்படி ஆனதே இல்ல. இத்தனை நாளும் விழுந்தா சாவுன்னு மட்டும்தான் பயம். இப்ப செத்தா எங்க போவேன்னு பயம்."

"கடவுள் உன்னை நேசிக்கிறார், ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி முடிங்க" என்று என்ஜினியர் காதருகே அவசரப்படுத்தினார்.

போதகர் அப்படியே சொன்னார்.

"அப்படி ஈஸியா சொல்றவங்களை நம்பாதீங்கன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க? ராத்திரி பூரா யோசிச்சுப் பார்த்தேன். நான் ஜெபம்னு பண்ணதெல்லாம் காத்து அடங்கணும்னு மட்டும்தான். அவருக்காக ஒருநாளும் அவரைத் தேடினதில்ல. என் விசுவாசம் செத்ததுதான்."

போதகர் படித்த அதே பியூரிட்டன் புத்தகங்களில், கீறுவதற்கு இருந்த பக்கங்களைவிடக் கட்டுப்போடுவதற்கு இருந்த பக்கங்களே அதிகம். மேடையில் எடுபடாது என்று அவர்தான் அவற்றைத் தாண்டிப் போயிருந்தார்.

"அம்மா, நேத்து நான் பாதியைத்தான் சொன்னேன். செத்த உடம்பு மேல கல்லை வச்சா வலிக்குமா?"

"வலிக்காது."

"உங்களுக்கு வலிக்குதே. நேசிக்கலையேன்னு ராத்திரி பூரா அழுதது செத்த மனசு செய்ற வேலை இல்லம்மா. உயிர் இருக்கு. பலவீனமா இருக்கு, அவ்வளவுதான். காப்பாத்துறது உங்க பிடியோட பலம் இல்ல. நீங்க பிடிச்சிருக்கிறவரோட பலம்."

"ஏணியைப் பத்தி எனக்குத் தெரியும் பாஸ்டர். பிடி விட்டா ஆள் காலி."

"ஏணிக்குக் கை கிடையாதும்மா. அவருக்கு உண்டு."

காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவள் கேட்டாள்: "நீங்க அவரை அவருக்காகவே நேசிக்கிறீங்களா?"

கட்டடம் முழுக்க எல்லார் வாக்கி-டாக்கியிலும் அது கேட்டது. என்ஜினியர் வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"இல்லம்மா. நேத்து பிரசங்கத்துல, ஆழமான போதகர்னு நாலு பேர் சொல்லணும்ங்கிற ஆசைதான் முன்னாடி நின்னுச்சு. உங்களுக்கு வலிக்குமான்னு நினைக்கவே இல்ல. எனக்கும் அவரை விட்டா வேற போக்கிடம் இல்ல."

மேலே கேபின் கதவு திறந்தது.

அவள் இறங்குவதைப் பார்க்கப் போதகருக்குத் தைரியம் வரவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. நடுவழியில், ஏணிகளுக்கு இடையே இருந்த ஒரு இரும்புத் தட்டில் அவள் உட்கார்ந்துவிட்டாள். காற்று அவள் சட்டையை உப்பவைத்தது. அதற்குள் வந்துவிட்ட ரெஸ்க்யூ டீமிலிருந்து, இடுப்பில் கயிறு கட்டிய ஒரு ஆள் கீழிருந்து ஏறிப்போய் அவளுக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டான். இருவரும் அங்குலம் அங்குலமாக இறங்கினார்கள்.

தரையில் கால் பட்டதும் அவள் மணலில் சரிந்தாள். பஸ் பிடித்து வந்து சேர்ந்திருந்த போதகரின் மனைவி ஓடிப்போய் அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"பயம் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன் பாஸ்டர்" என்றாள் அவள், தண்ணீர் குடித்துவிட்டு. "சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. விட்ட பாதியை ஒண்ணுவிடாம சொல்லணும்."

"வர்றேம்மா."

என்ஜினியர் அவரைத் ஆபீசாக இருந்த தகரக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போனார். "பாத்தீங்கல்ல? இனிமே இந்த மாதிரிப் பிரசங்கமே வேண்டாம். ஜனங்க ஆறுதலுக்கு வர்றாங்க பாஸ்டர், ஸ்கேன் எடுக்க இல்ல."

"பிரசங்கம் வேணும் பிரதர். இனி முழுசா பண்றேன்." என்றார் போதகர். "நேத்து சொன்னது அந்த அம்மாவுக்கு இல்ல. உங்களுக்கு. நேரா உங்ககிட்ட வந்து சொல்லத் தைரியம் இல்லாம மேடையில நின்னு சொன்னேன்."

என்ஜினியரின் முகம் கறுத்தது. கத்தப்போகிறார் என்றுதான் போதகர் நினைத்தார். அவர் கத்தவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எனக்கா?" என்றார். "எதை வச்சு சொல்றீங்க?"

போதகர் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.